செம்பனைக்குள் நின்றுபோகும் குரல்

பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோவிலுக்குப் போவதென்றால் சிலாங்கூர் கரையோரத்து ஜெராமில் எங்கள் வீடு பாதி ராத்திரியிலேயே விழித்துக்கொள்ளும். பகாங் மாநிலம் வரைக்கும் 200 கி.மீ.க்கு மேல் ஓட்டம். எப்போதும் நான்கு வண்டிகள். முன்னால் பெரியப்பாவின் வேன், நடுவில் இரண்டு கார், கடைசியில் பால்குடச் சாமான்களோடு மாமாவின் வேன். வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி. வாங்கி வந்த பெட்டியின் மேல் ‘10 கி.மீ. வரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, பிள்ளைகள் அதை ஜெராம் கடற்கரையில் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவன் தெரிந்தவரின் மீன்பிடிப் படகில் ஏறிக்கொண்டான். மற்றவன் கரையில் நின்றான். படகு கண்ணுக்குப் புள்ளியாகிப் போன பிறகும் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. மறுநாள் விடியுமுன் ஈஜோக் பக்கம் போகிற தோட்டச் சாலையில் ஏறினோம். இரு பக்கமும் முதிர்ந்த செம்பனை. இரண்டு வளைவு தாண்டியதும் “மாமா, கேக்குதா? மாமா?” என்று பிள்ளை கூப்பிட, பதிலுக்குக் கரகரவென்று இரைச்சல். அப்போது மாமாவின் வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இருந்திருக்காது.

அதே கருவி, அதே பேட்டரி, அதே பையன். கடலில் எட்டிய குரல் தோட்டத்தில் ஏன் செத்துப்போனது? வண்டி வண்டியாகச் சேர்ந்து பயணம் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டுக்கொண்ட கேள்வி இது. கருவியைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். உண்மையில் அதில் கருவியின் பங்கு கொஞ்சம்தான். இரண்டு கருவிகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, அவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதுதான் தூரத்தைத் தீர்மானிக்கிறது.

கோபுரம் இல்லாத பேச்சு

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கைப்பேசியில் மாமாவைக் கூப்பிட்டால் நம் குரல் மாமாவிடம் நேராகப் போவதில்லை. பக்கத்தில் உயரமாக நிற்கும் கோபுரத்துக்குப் போகிறது. அங்கிருந்து கம்பி வழியாகவோ இன்னொரு கோபுரம் வழியாகவோ சுற்றி அவரை அடைகிறது. ஆகவே இரண்டு கைப்பேசிகளுக்கு நடுவில் மலை இருந்தாலும் கடல் இருந்தாலும் கவலையில்லை. ஆளுக்கொரு கோபுரம் எட்டினால் போதும்.

வாக்கி டாக்கிக்கு அந்தத் துணை கிடையாது. பெரியப்பாவின் கையிலிருந்து மாமாவின் கைக்கு அலை தானே நடந்து போக வேண்டும். கோபுரம் விழுந்த இடத்திலும், மின்சாரம் போன ஊரிலும், திருவிழாக் கூட்டத்தில் கைப்பேசி வலை திணறும்போதும் அது வேலை செய்வதற்குக் காரணம் இந்த நேரடித் தன்மைதான். செம்பனைக்குள் அது தோற்பதற்குக் காரணமும் அதுவே.

கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் 1937இலும், அமெரிக்காவில் ஆல் கிராஸ் 1938இலும் எடுத்துச் செல்லக்கூடிய இருவழி வானொலிகளைச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மோட்டோரோலா செய்த எஸ்.சி.ஆர். 300 என்ற கருவியை ஒரு சிப்பாய் முதுகில் கட்டிச் சுமந்தார். எடை 15 கிலோ அளவு. வாக்கி டாக்கி என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது அந்தக் காலத்தில்தான். இன்று அது சட்டைப் பைக்குள் அடங்குகிறது. ஆனால் குரல் காற்றில் போகும் வழி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஒரு சாணுக்குக் குறைந்த கம்பி

வானொலி அலை என்பது ஒளியின் உடன்பிறப்பு. ஒளியின் வேகத்தில் ஓடுகிறது, அலைநீளம்தான் வேறு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரமே அலைநீளம். மலேசியாவில் பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளில் பல 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் பேசுகின்றன. அதாவது நொடிக்கு 47 கோடியே 70 லட்சம் முறை அதிர்வு. நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. ஓடுகிற அலையை இத்தனை துண்டாக வெட்டினால் ஒரு துண்டின் நீளம் 63 செ.மீ. வருகிறது.

இந்த 63ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி திரும்பி வரும். கருவியின் தலையில் நிற்கும் அலைக்கம்பி நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். கணக்குக்கு 16 செ.மீ.; ஒரு சாணுக்குக் குறைவு. கடையில் பார்க்கும் கட்டைக்கம்பிகள் அதைவிடக் குட்டையாக இருந்தால், உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி நீளத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பைக்கு வசதி, குரலுக்குக் கொஞ்சம் நட்டம்.

வண்டிக்குள் உட்கார்ந்து பேசும்போது இன்னொரு நட்டமும் உண்டு. வண்டி ஓர் இரும்புப் பெட்டி. அலைக்கு அதில் ஜன்னல்தான் வழி. கருவியை மடியில் வைத்துப் பேசினால் அலை கதவுத் தகட்டில் மோதி உள்ளேயே சுழல்கிறது. கண்ணாடியில் வெயிலுக்காக உலோகம் கலந்த கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு அந்தத் தாள் ஒட்டாத வண்டி அபூர்வம். கூரை மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் தனி அலைக்கம்பி ஒன்றை வாங்கி, அதன் வயரைக் கருவியோடு இணைத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். எல்லாக் கருவிகளும் கம்பியைக் கழற்றி மாட்ட விடுவதில்லை என்பதால் வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கடல் எவ்வளவு தூரம் விடுகிறது

பிள்ளைகளின் கடற்கரைச் சோதனைக்கு வருவோம். பூமி உருண்டை. கரையில் நிற்கும் பையனின் கருவி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் கண்ணுக்குத் தெரியும் அடிவானம் 4 கி.மீ. சொச்சம். வானொலி அலை காற்றில் லேசாக வளைந்து பூமியைத் தழுவிப் போவதால் அதற்கு அடிவானம் இன்னும் கொஞ்சம் தள்ளி, 5 கி.மீ. அளவில் அமைகிறது. படகில் இருப்பவனுக்கும் இதே ஐந்து. இரண்டையும் கூட்டினால் பத்து.

பெட்டியில் பார்த்த அதே பத்துதான். ஆனால் அது பூமியின் வளைவு விடுகிற எல்லை. அரை வாட் கருவி அந்த எல்லை வரை போய்ச் சேருவதில்லை. தடையே இல்லாத கடல் மேலும் நான்கைந்து கிலோமீட்டரில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

உயரத்தில் ஏறினால் கதை மாறும். 50 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் 25 கி.மீ. தள்ளிப் போகிறது. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி உச்சியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். விளக்கின் ஒளி கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் விளக்கு உயரத்தில் இருந்தாக வேண்டும். ஒளிக்கு உண்டான விதி வானொலிக்கும் உண்டு.

நடுவில் பருத்த பாதை

அடிவானக் கணக்கு மட்டும் போதுமென்றால், நேரான தோட்டச் சாலையில் முன்வண்டியின் பின்விளக்கு தெரிகிற வரைக்கும் குரலும் தெளிவாக வர வேண்டும். அப்படி வருவதில்லை. பின்விளக்கு தூரத்தில் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருக்கும்போதே குரல் உடையத் தொடங்கும்.

இதற்கு விளக்கம் சொன்னவர் கலங்கரை விளக்கங்களோடு தொடர்புள்ளவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. பிரான்சின் ஒகுஸ்தான் ஃபிரெனெல் (1788–1827), உலகெங்கும் கலங்கரை விளக்கங்களில் பொருத்தப்பட்ட அடுக்குக் கண்ணாடி வில்லையை வடிவமைத்தவர். ஒளி அலையாகப் பரவுகிறது என்பதை நிலைநாட்டிய ஆராய்ச்சியாளரும் அவரே. அலை ஊசிநூல்போல் ஒரே கோட்டில் போவதில்லை. அந்தக் கோட்டைச் சுற்றி ஓர் அகலமான இடம் அதற்கு வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த பாடம். மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையும் ஒடுங்கி, வயிறு பருத்திருக்கும். இரண்டு கருவிகளுக்கு நடுவே அலை உலவும் இடமும் அப்படித்தான். மிருதங்கத்தை மெல்லிசாக, கிலோமீட்டர் கணக்கில் இழுத்து நீட்டியதுபோல். இதை அலைவயிறு என்று சொல்லிக்கொள்வோம்.

ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறியது. அதனால் அதன் வயிறும் ஒல்லி. பின்விளக்கின் ஒளி மர இடுக்கில் நுழைந்து வந்துவிடுகிறது. நம் 63 செ.மீ. அலைக்கு அப்படியில்லை. வண்டிகளுக்கு நடுவே 200 மீட்டர் இருந்தால் அலைவயிறு நடுக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 5½ மீட்டர் பரவுகிறது. இடைவெளி ஒரு கிலோமீட்டர் ஆனால் 12½ மீட்டர். மூன்று கிலோமீட்டர் ஆனால் 22 மீட்டர்.

தோட்டச் சாலையின் அகலம் என்ன இருக்கும்? இரண்டு லாரி ஒதுங்கிப் போகிற அளவு. 200 மீட்டருக்கே அலைவயிறு சாலையை நிறைத்துவிடுகிறது. அதற்கு மேல் பருக்கும் ஒவ்வொரு மீட்டரும் செம்பனைக்குள்தான் போயாக வேண்டும்.

மரத்தின் பக்கம்

செம்பனை, வானொலிக்கு மிகப் பிடிவாதமான மரம். முதிர்ந்த மரம் 10 மீட்டர் தாண்டி வளர்கிறது. மட்டை ஒவ்வொன்றும் ஓர் ஆளைவிட நீளம். மட்டையும் ஓலையும் நீர் நிரம்பியவை. இந்த அலைவரிசையில் நீர் அலையைக் குடித்துவிடும். அதிலும் மழை பெய்து ஓலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் காலையில் குடிப்பது இன்னும் அதிகம். நாங்கள் புறப்பட்ட அன்று விடிய விடியப் பனி இறங்கியிருந்தது.

மரங்களை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் ஒரே உயரம், ஒரே இலை, இடைவெளி விடாத கூரை. காட்டில் உயரமும் குட்டையுமாக மரங்கள் நிற்கும்; தோட்டத்தில் எல்லாம் ஒரே தலைமட்டம். அந்தக் கூரைக்குக் கீழே ஓடுகிற வண்டிகள் ஓர் ஈரமான மண்டபத்துக்குள் ஓடுகின்றன.

மலாயாவில் வணிக அளவில் முதன்முதல் செம்பனை நட்டதும் எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அதை நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் என்ன சொல்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தென்னையின் பெயரைச் சுமந்த இடத்தில் செம்பனை வேர் பிடித்து, பிறகு பால்மரமான ரப்பர் நின்ற இடங்களையும் எடுத்துக்கொண்டு, இந்தக் கரையோரம் முழுவதையும் மூடியது. பால் வெட்டிய தலைமுறையும் குலை வெட்டிய தலைமுறையும் அந்த மரங்களுக்கு அடியில் வாழ்ந்து தீர்ந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே மரங்களுக்கு நடுவே வாக்கி டாக்கியைக் காதில் வைத்து “கேக்குதா?” என்கிறார்கள்.

செம்பனையை இருபத்தைந்து வருடம் போல வைத்திருந்து, பிறகு வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். இடுப்புயரக் கன்றுகள் நிற்கும் அந்தப் புது நிலத்தை வண்டிகள் கடக்கும்போது, அதுவரை இரைச்சலாக இருந்த கருவி சட்டென்று தெளியும். “இப்ப கேக்குது, இப்ப நல்லா கேக்குது” என்று பெரியம்மாவின் குரல். அடுத்த மரக்கூட்டம் வந்ததும் மறுபடி இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டு கருவியை மட்டும் கேட்டு வந்தாலே எந்தத் தோட்டத்தில் மரம் முற்றியிருக்கிறது, எதில் இளசு என்று சொல்லிவிடலாம்.

இரண்டு மில்லிமீட்டரும் எட்டு மில்லிமீட்டரும்

இப்போது ஒரு கணக்கு. சூத்திரம் வேண்டாம், நிதானமாகப் பார்த்தால் போதும்.

மாமாவின் வேனும் எங்கள் வேனும் சரியாக ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் திறந்த வெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கருவிகளும் மடியில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். மாமா பேசுகிறார். அவருடைய அலை இரண்டு வழியாக எங்களை அடைகிறது. ஒன்று நேராக வருகிறது. மற்றொன்று நடுவழியில் தரையில் பட்டுத் தெறித்து வருகிறது. தரையில் படும்போது அது தலைகீழாகப் புரண்டுவிடுகிறது: முகடு பள்ளமாக, பள்ளம் முகடாக. நேர் அலை மேலே தூக்கும் நொடியில் தரையலை கீழே இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

முழுக்க அடிபட்டுப் போகாமல் ஏதோ மிஞ்சுவது எப்படி? தரையில் பட்டு வரும் பாதை கொஞ்சம் நீளம் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று அளந்தால், ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 2 மில்லிமீட்டர். 63 செ.மீ. அலையில் 2 மி.மீ. பிசகு. அந்த நூலிழைப் பிசகில் மிஞ்சுவதுதான் நம் காதுக்கு வரும் மாமாவின் குரல்.

இப்போது இருவரும் வண்டியை ஓரம்கட்டி இறங்கி, கருவியைத் தலைக்கு மேல், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள். பேசவும் கேட்கவும் வயரில் தொங்கும் சிறு ஒலிவாங்கி இருந்தால் வசதி. பாதை வித்தியாசம் 2 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. ஆகிறது. அலையின் வீச்சு நான்கு மடங்கு. ஆற்றல் வீச்சின் வர்க்கமாகப் போவதால், வந்து சேரும் ஆற்றல் 16 மடங்கு.

பதினாறு மடங்கு! காசு செலவில்லாமல், கையைத் தூக்கியதால் மட்டும்.

கருவியை மாற்றி இதைச் சாதிக்கலாமா என்று பாருங்கள். அரை வாட் கருவியைத் தூக்கிப் போட்டு 5 வாட் கருவி வாங்கினால் ஆற்றல் பத்து மடங்குதான். தரையோரப் பேச்சில் தூரத்தை இரண்டு மடங்காக்க ஆற்றலைப் பதினாறு மடங்காக்க வேண்டும். ஆகையால் பத்து மடங்கு ஆற்றலுக்குக் கிடைக்கும் தூரம் இரண்டு மடங்குகூட இல்லை, ஒன்றே முக்கால் மடங்கு. ‘அதிக வாட்’ என்று கடையில் விலையைக் கூட்டும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். நடுவில் மரம் நின்றால் எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் உயர்த்தினால் கூடும், தாழ்த்தினால் குறையும் என்பது மாறாது.

நான்கு வண்டி, ஒரு வாய்

டோலில் ஒரு வண்டி இரண்டு நிமிடம் பின்தங்கினால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அது 3 கி.மீ. இடைவெளி. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் குரல் எட்டாது. ஆனால் நடுவிலுள்ள இரண்டு கார்களும் இரு பக்கமும் கேட்கும். பழக்கமுள்ள குடும்பங்களில் நடுவண்டியில் இருக்கும் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்: “பெரியப்பா சொல்றாரு, அடுத்த ஆர் அண்ட் ஆர்ல (ஓய்விடத்தில்) நிக்கலாமாம்.” கோபுரம் செய்கிற வேலையை அங்கே ஒரு மனுசி செய்கிறாள். காராக் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மலை குறுக்கே வரும்போது இந்த இடைக்குரல் இல்லாமல் முடியாது. மலையை எந்த வாட்டும் துளைக்காது.

ஒரே நேரத்தில் இருவர் பேசினால், அருகில் உள்ளவருடைய வலுத்த அலை மற்றவரை அடியோடு விழுங்கிவிடும். இரண்டும் கலந்துகூடக் கேட்காது. அதனால்தான் பேசி முடித்ததும் “ஓவர்” சொல்வது. பித்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்பட்டு, “நின்னு போங்க” என்றது வெறும் “போங்க” என்று போய்ச் சேரும். பேசுகிறவர் ஓட்டுநராக இருக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் கருவி இருக்கட்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பொதுமக்களுக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில், சான்று பெற்ற கருவிகளைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். எல்லா அலைவரிசையையும் திறந்துவிடும் மலிவுக் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றில் தெரியாமல் ஒரு எண்ணைத் திருப்பி நிறுத்தினால் காவல் துறையோ தீயணைப்புப் படையோ பேசும் இடத்தில் போய் நிற்க நேரலாம். இந்தியாவில் 446 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு பட்டையை அரை வாட் கருவிகளுக்கு 2018இல் உரிமமின்றித் திறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலோ இது 1977 முதலே பழக்கம். அங்கே 477 மெகாஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தில் 80 தடங்கள். நெடுஞ்சாலை லாரிக்காரர்கள் 40ஆம் தடத்திலும், வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் 18ஆம் தடத்திலும் பேசிக்கொள்கிறார்கள். அலைவரிசை ஏறக்குறைய நம்முடையதுதான். ஆனால் அவர்களுக்குப் பொட்டல் வெளி, நமக்குச் செம்பனை.

அன்றைக்கு மாமாவைக் கண்டுபிடித்தது இப்படித்தான். சந்தியில் வண்டியை நிறுத்தினோம். சாலையோரம் தோட்டத்து வாய்க்கால். அதன் கரை ஒரு மனித உயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரப்புல்லில் வழுக்காமல் ஏறி, கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். முதலில் இரைச்சல். அப்புறம் அரைச் சொல். அப்புறம், மழைக்குப் பிறகு வானொலிப் பெட்டி தெளிவதுபோல், மாமாவின் குரல்: “டயர் பஞ்சர் அண்ணே. மாத்திக்கிட்டு இருக்கோம். பத்து நிமிசம்.”

பெரியப்பா மேட்டிலிருந்து இறங்கவில்லை. அந்தப் பத்து நிமிடமும் கையைத் தூக்கியபடியே நின்றார்.